காயச் சான்றிதழில் 'கொடுங்காயம்' என்று இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவில் (ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியது) தண்டனையும் ஆகிவிட்டது. மேல்முறையீட்டில் வாதிட இடம் இருக்கிறதா?

இருக்கலாம். 'கொடுங்காயம்' என்பது மருத்துவரின் கருத்துதான். அது எதை வைத்துச் சொல்லப்பட்டது என்பதைத்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும். விபத்துப் பதிவேட்டு நகல் (காயம்பட்டவர் வந்ததும் ஆஸ்பத்திரியில் எழுதும் பதிவு), காயச் சான்றிதழ், எக்ஸ்ரே படம், கதிரியக்க மருத்துவர் அறிக்கை, மருத்துவரின் சாட்சியம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எலும்பு முறிவு என்றால் முதலில் எக்ஸ்ரே. "படத்தில் முறிவு தெரிந்தது" என்று சிகிச்சை கொடுத்தவர் சொல்லியிருப்பார். படமும் நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியீடு ஆகியிருக்காது, அதைப் படித்தவரும் கூண்டேறியிருக்க மாட்டார். அப்படியானால் முறிவு நிரூபணமாகவில்லை என்று வாதிடலாம். ஏற்கப்பட்டால் குற்றம் 324-க்கு (ஆபத்தான ஆயுதத்தால் சாதாரணக் காயம்) இறங்கும். ஆயுள் வரை போகக்கூடிய தண்டனைக்கும் 3 ஆண்டு உச்சவரம்புக்கும் உள்ள வித்தியாசம் அது. படம் இருந்தால் பெயர், தேதி, இடது வலது குறி மூன்றும் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சம்பவத்துக்கு மறுநாள் எடுத்த படத்திலேயே முறிவைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தால், அது பழைய முறிவு. பெரியவர்களுக்கு அந்த வளர்ச்சி படத்தில் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

முறிவு இல்லாமல் நாள் கணக்கில் கொடுங்காயம் என்றால், 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவத்துக்கு 20 நாள், அதற்குப் பிறகு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி 15 நாள். அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது மட்டும் போதாது. கடும் வலி இருந்தது, அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியவில்லை என்று சாட்சியம் வேண்டும்.

ஆயுதத்தில் ஒரு நுணுக்கம். மண்டையோட்டின் மேல் தோல் இறுக்கமாக இருப்பதால், தடியால் அடித்தாலும் அரிவாளால் வெட்டியதுபோல நேர்கோட்டில் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் ஓரம் நசுங்கியிருப்பதும் முடிவேர் சிதைந்திருப்பதும் தெரியும். 'வெட்டுக்காயம்' என்று எழுதியவரிடம் இதைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

விபத்துப் பதிவேட்டில் தாக்கியவர் பெயர் இல்லை என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். பெயர் எழுதுவது மருத்துவர் வேலை அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். காயம்பட்டவரின் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மருத்துவச் சான்று அதை முற்றிலும் சாத்தியமற்றதாக்கினால்தான் நேரில் கண்ட சாட்சியம் விழும் என்று அப்துல் சயீத் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 330) சான்றிதழின் உண்மைத்தன்மையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தால், மருத்துவரை விசாரிக்கவில்லை என்ற வாதம் எடுபடாது. மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தீர்ப்பு நகல் கிடைக்க எடுத்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது, ஆகவே நகல் மனுவை உடனே போடுங்கள்.