சோக்கை எடுத்ததும் நின்றுவிடும் 49 சிசி மினி பைக்

வணக்கம். நான்கு மாதம் சும்மா நின்ற பையனின் 49 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது, பிளக் மாற்றியும் சரியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிளக்கை விடுங்கள். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அடைப்பு. சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதுமான அளவு போகவில்லை என்று அர்த்தம்.

முதலில் டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் நாள்பட நின்றால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைத் திறந்து, நடுவில் இருக்கும் பித்தளை ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் ஓட்டையுள்ள சின்னத் திருகை, எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை முடி கனம்தான் இருக்கும். கார்ப் கிளீனர் அடித்து ஊதுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தவே வேண்டாம். ஓட்டை பெரிதானால் கலவை கெட்டுவிடும்.

திரும்ப மாட்டும்போது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று புகுந்தாலும் இதே தொல்லைதான்.

புதுப் பெட்ரோலில் டூ-டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில், கலப்பது கட்டாயம். 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. ஆயில் அந்தப் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. அதனால் ஜெட் அடைத்தபடியே வற்புறுத்தி ஓட்டினால் ஆயில் போதாமல் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சரிசெய்யும் வரை பையனிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, தெருவில் ஓட்டுவதாகச் சொன்னீர்கள். 25 சிசிக்கு மேல் போனாலே சட்டப்படி அது மோட்டார் வாகனம். தயவுசெய்து மைதானத்தில், ஹெல்மெட்டோடு மட்டும் ஓட்டவிடுங்கள். ஜெட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.