பழனி போதும், ஆறு படைவீடும் இப்போது வேண்டாம்

கேள்வி: என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக என் மாமியார் வேண்டிக்கொண்டார். மாமியாரின் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். இப்போது அவருக்கு 74 வயது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அறுபடை வீடுகளையும் தரிசிக்க ஆசைப்படுகிறார். 15 வயது மகன் மொட்டைக்கு ஒப்பவில்லை. 12 வயது மகள் போரடிக்கும் என்கிறாள். கணவருக்கு ஒன்பது நாள் விடுப்புதான். ஏற்கெனவே வீட்டில் ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். இந்தப் பயணம் எங்களைச் சேர்த்துவைக்குமா, சண்டையைக் கூட்டுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

கட்டாயம் போய்வாருங்கள், ஆனால் ஆறு படைவீடுகளையும் இந்த ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். திருத்தணி சென்னைக்கு அப்பால், திருச்செந்தூர் தெற்கே கடற்கரையில். ஒன்பது நாளில் அத்தனையையும் தொட்டுவிட நினைத்தால், முருகனைவிட வேன் ஓட்டுநரின் பிடரியைத்தான் நீங்கள் அதிகம் தரிசிப்பீர்கள். இங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து திண்டுக்கல் வழியாகப் பழனிக்கும், பின்னர் மதுரையை ஒட்டிய திருப்பரங்குன்றத்திற்கும் பழமுதிர்சோலைக்கும் சென்று திரும்புவது உங்களுக்குப் போதுமானது. ஒட்டன்சத்திரம் பழனி செல்லும் வழியிலேயே இருப்பதால், அத்தை பிறந்த ஊரில் ஒரு முழு நாள் தங்குங்கள். அவர் படித்த பள்ளியையும் தண்ணீர் எடுத்த கிணற்றையும் பேரப்பிள்ளைகளுக்கு அவரே காட்டட்டும். இங்கே லிஃப்ட் பொத்தானுக்கும் கைப்பேசிக்கும் பேரனின் உதவியைக் கேட்டுப் பழகிய பாட்டி, அங்கே எல்லோருக்கும் வழி சொல்பவராக நடப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

மொட்டை விஷயத்தில் நீங்களும் உங்கள் கணவரும் இடையில் நின்று பேசாதீர்கள். மருத்துவமனையில் அந்த இரவு என்ன நடந்தது, எதற்கு அஞ்சி வேண்டிக்கொண்டார் என்பதை உங்கள் மாமியாரே பேரனிடம் சொல்லட்டும். அவன் இதுவரை அதை ஒரு கட்டளையாக மட்டுமே கேட்டிருக்கக்கூடும். கேட்ட பிறகும் அவன் மறுத்தால், சில கற்றை முடியை மட்டும் நறுக்கிப் பூமுடி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை அத்தையிடம் எடுத்துச் சொல்லுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் கட்டாயத் தேசிய சேவை எப்படியும் அவன் தலையை மழித்துவிடும். அங்கே யாரும் அவனுடைய சம்மதத்தைக் கேட்கப்போவதில்லை, பழனியிலாவது கேளுங்கள்.

மகள் போரடிக்கும் என்பதில் நியாயம் இருக்கிறது. எங்கே, எதற்காக நிற்கிறோம் என்று தெரியாத பிள்ளைக்குத் தரிசன வரிசை தண்டனைதான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்களும் காவடிகளும் சென்று சேரும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை அவள் அறிந்திருப்பாள். 1859இல் செட்டியார்கள் எழுப்பிய அக்கோயிலின் மூலவர், பழனி மலைமேல் கையில் தண்டேந்தி நிற்கும் அதே முருகன் என்று புறப்படுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். ரூபாய்ப் பையையும் அவள் பொறுப்பில் விடுங்கள். இளநீருக்கும் ஆட்டோவுக்கும் அப்பா அவளிடம் கேட்டு வாங்கட்டும்.

பழனியில் படிகள் மட்டும் அறுநூற்றுக்கு மேல். அத்தையை விஞ்சில் (மலைமேல் இழுத்துச் செல்லும் ரயிலில்) அழைத்துச் செல்லும் வேலையை மகனுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் மூவரும் படியேறுங்கள். விஞ்சுக்கான வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பாட்டியும் பேரனும் பேசிக்கொள்வது, உங்கள் வீட்டில் ஒரு மாதம் பேசுவதைவிட அதிகமாக இருக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு திரையும் அவரவர் எம்ஆர்டி ரயில் நேரமும் இருப்பதால், ஒருவருக்கு மற்றவர் தேவைப்படும் தருணங்களே குறைவு. பயணத்தில் அவை தாமாக வரும். உங்கள் கணவர் மட்டும் அலுவலக மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால், பிள்ளைகளும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

சண்டை வராது என்று நான் சொல்லமாட்டேன். களைப்பும் பசியும் சேரும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது வரும். அங்குப் பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறப்பதால், அந்த இடைவெளியில் அடுத்த ஊருக்கு ஓடாமல் எல்லோரும் தூங்கிவிடுங்கள்.

டிசம்பரில் சபரிமலைப் பயணத்தோடு பழனிக்கும் வரும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மிகுதியாக இருக்கும். வாரநாளாகப் பார்த்து மலையேறுங்கள். மழைக்காலம் முழுதும் ஓய்ந்திருக்காது, குடைகளை எடுத்துச் செல்லுங்கள். ஐவரின் கடப்பிதழ்களும் இன்னும் ஆறு மாதத்திற்கு மேல் செல்லுபடியாகுமா என்று பார்த்துவிட்டு, மின்விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.