பயிற்சி ஹார்மோன் டெஸ்ட்: எது தேவை, எது தண்டம்?

மாட்டுங்கா வாசகர், 58 வயது: தினமும் ஃபைவ் கார்டன்ஸில் நடக்கிறேன், டாக்டர். பலன் தெரிய ‘ஐரிசின்’ டெஸ்ட் எடுக்கச் சொல்கிறான் மகன். எடுக்கட்டுமா?

பணத்தை மிச்சம் பிடியுங்கள். வேலை செய்யும் தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் இது. 2012இல் ஹார்வர்டின் புரூஸ் ஸ்பீகல்மன் குழு அறிவித்தது. எலிகளில் வெள்ளைக் கொழுப்பு, சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பைப் போல மாறியது என்றதும் ஏக ஆரவாரம். கோளாறு அளப்பதில்தான். சந்தையில் இருந்த பல டெஸ்ட் கிட்கள் சம்பந்தமில்லாத புரதங்களையும் ஐரிசின் கணக்கில் சேர்த்தது 2015இல் அம்பலமானது. அதே ஆண்டு, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தபோது, பயிற்சி இல்லாதவர்களுக்கு மில்லிலிட்டருக்குச் சராசரி 3.6 நானோகிராம், செய்தவர்களுக்கு 4.3. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து உங்கள் ஒருவருக்கு என்ன ஜோசியம் சொல்வது? நடையின் பலன் எச்பிஏ1சியிலும் (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பிபியிலும் தெரியும்.

செம்பூர் வாசகர், 34 வயது: ஜனவரி மாரத்தான் ஓடிய மறுநாள் செக்கப் போனேன். சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), எஸ்ஜிஓடி (லிவர் டெஸ்டில் பார்க்கும் நொதி) இரண்டும் கூடுதல். லிவர் போச்சா?

போகவில்லை. அன்றைக்குப் போய் ஏன் ரத்தம் கொடுத்தீர்கள்? மாரத்தானில் தசையே இன்டர்லூகின்-6 என்ற பொருளை விடும். நூறு மடங்கு வரைகூட ஏறலாம். டென்மார்க்கின் பெண்டே பெடர்சன் பல காலமாக ஆராய்ந்தது இதைத்தான். அதன் தூண்டுதலில் லிவர் சிஆர்பியைச் சுரக்கும். எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு; ஓடி அலுத்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும். ஒரு வாரம் ஓடாமல் இருந்து மறுபடி பாருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் அன்றே மருத்துவமனை.

முலுண்ட் வாசகி: தொப்பைக்குக் கார்டிசால்தான் காரணம் என்கிறார் ஜிம் டிரெய்னர். ஆபீஸ் விட்டு, ஜிம் முடித்து, டெஸ்ட் கொடுத்தேன்…

கார்டிசால் மன அழுத்த ஹார்மோன். காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம், கடும் பயிற்சிக்குப் பின் மறுபடி ஏற்றம். உங்கள் சாயங்கால எண்ணுக்கு அர்த்தமில்லை. வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலே ரத்தக்கட்டு, படியேறத் தொடையில் வலுவின்மை இருந்தால் வாருங்கள். கார்டிசால் நிஜமாகவே மிகையா என்று பார்க்க வேறு டெஸ்ட் உண்டு.

தாராவி வாசகி: மகளுக்கு 19 வயது, தடகள வீராங்கனை. நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. கோச் “சகஜம்” என்கிறார்.

சகஜமில்லை அம்மா. ஹார்மோன் டெஸ்ட் உண்மையில் உதவுவது இங்கேதான். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மூளை முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்எச், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடயால், தைராய்டு ஹார்மோனான டி3 மூன்றும் இறங்கும். அப்புறம் எலும்பு தேய்ந்து விரிசல் விடும். கர்ப்பப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, இவற்றோடு எஃப்எஸ்எச், புரோலாக்டின், டிஎஸ்எச் என்ற பிற ஹார்மோன்களையும் பார்க்க வேண்டும். அதுவரை பயிற்சியைக் குறைத்து, சோற்றைக் கூட்டுங்கள். மாதவிலக்கை வரவழைக்க மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.