பல மாதம் நம் வீட்டில் தங்கி உதவிய சொந்தக்காரர்களை எப்படி வழியனுப்புவது? பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். அதுவும் ரயில் கிளம்பும் நேரத்தில் கவருக்குள் வைத்துத் திணிப்பது வேண்டவே வேண்டாம். பெரியப்பாவும் பெரியம்மாவும் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தது சித்தியும் சித்தப்பாவும்.

என் அம்மா இல்லை. இரண்டாவது பிரசவத்துக்கு யார் வருவார்கள் என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோது, அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி போன் பண்ணி, "ஏட்டி, நான் இருக்கேன்லா" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் சித்தி பொறுப்பு. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது, வாய்ப்பாடு சொல்லித்தருவது சித்தப்பா பொறுப்பு. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகும், "பிள்ளை தவழட்டும், நடக்கட்டும்" என்று இருந்துவிட்டார்கள். தூளி கட்டியதுகூட சித்தியின் பழைய சுங்குடிப் புடவையில்தான். புதுத் துணி உடம்பை அறுக்கும், துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் பிள்ளைக்கு ஆகும் என்பார்.

கிளம்பும் நாள் நெருங்கியபோது நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் சொன்னார்: "ஆள் வைத்திருந்தால் மாசம் எவ்வளவு ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுக் கொடுத்துவிடு, கடன் இருக்காது." எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால், நான் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து வந்த மனுஷிக்கு எந்தக் கணக்கில் சம்பளம் போடுவது? உடனே சிலர் "சொந்தக்காரர் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளச் சொல்கிறாயா" என்று எழுத வருவீர்கள். இல்லை. கொடுக்க வேண்டும், தாராளமாகவே கொடுக்க வேண்டும். ஆனால் கூலி என்ற வாடை அதில் வரக் கூடாது.

ஊரில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஓடு உடைந்து மழைக்கு ஒழுகுகிறது என்று சித்தப்பா யாரிடமோ போனில் பேசியது என் கணவர் காதில் விழுந்தது. அவர் சித்தப்பாவிடம் போய், "மாமா, அந்தப் பின்கட்டை நாம சேர்ந்து பாத்துடலாம். ஆளை மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். சித்தப்பா முதலில் மறுத்தார். "உங்க மக வீட்டுக்கு வந்தா எங்கே படுப்பா?" என்று கேட்டதும் பேச்சில்லை. அதே பணம்தான், போன வழிதான் வேறு. உங்கள் பெரியப்பா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும். கண்புரை அறுவை சிகிச்சையோ, கிணற்று மோட்டாரோ. காதைத் திறந்து வைத்திருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கடைசி வாரம் அவர்களை வேலை செய்ய விடாதீர்கள். உதவிக்கு வந்தவர்கள் விருந்தாளியாகத்தான் கிளம்ப வேண்டும். சித்தியைச் சமையல்கட்டிலிருந்து வெளியேற்றுவது லேசில்லை. என் கணவர் லீவு போட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர்களை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கும், சித்தப்பா ஆசைப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போனேன். இத்தனை மாதம் சென்னையில் இருந்தும் அதுவரை தாம்பரத்தைத் தாண்டி அவர்கள் அதிகம் போனதில்லை.

தேதியை அவர்களே முடிவு பண்ணட்டும். நாம் சொன்னால் துரத்துகிற மாதிரி இருக்கும். சித்தி வெள்ளிக்கிழமை கிளம்ப மாட்டார். வியாழன் தெற்கே சூலம், திருநெல்வேலிப் பக்கம் போகக் கூடாது. அமாவாசையோடு அஷ்டமி நவமியும் கழித்து ஒரு புதன்கிழமை தேறியது. இதில் நம்பிக்கை இல்லாதவர்கள் என்னைத் திட்ட வேண்டாம். போகிறவர் மனசு நிம்மதியாகப் போக வேண்டும், அதற்காகத்தான்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் வயிறு எரிந்தது. முன்பெல்லாம் ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊருக்கும் சென்னைக்கும் அலைகிறவர்கள் எல்லாம் இந்த வயதுக்காரர்கள்தானே? ஓய்வூதியமே இல்லாத பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சித்தப்பா "ஸ்லீப்பரே போதும்" என்று அடம்பிடித்தார். ஏசியில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து நாங்கள்தான் எடுத்தோம். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்காவது சொல்லியாக வேண்டும்.

கிளம்பும் அன்று குழந்தைகள் தூங்கும்போது போய்விடலாம், அழாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தினமும் கூட இருந்த ஆள் விழித்துப் பார்த்தால் காணோம் என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? பெரியவனிடம் முன்பே சொல்லி, காலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போட வைத்தோம். அழுதான். அழட்டும், பாசம் இருக்கிற இடத்தில் அழுகை வரத்தான் செய்யும்.

வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் குங்குமத்தோடு சித்திக்குப் புடவையும் சித்தப்பாவுக்கு வேட்டி சட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்து, இரண்டு பேர் காலிலும் விழுந்தோம். சித்தி விபூதி பூசிவிட்டார். வழிக்குப் புளியோதரையும் நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லியும் கட்டிக்கொடுத்தோம். தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, பையை எல்லாம் அடுக்கி முடிக்கும்வரை கூடவே நின்றோம். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று போன் பண்ணும்வரை நான் வீட்டைப் பெருக்கவில்லை.

அனுப்பிய பிறகு செய்ய வேண்டியதும் இருக்கிறது. அடுத்த போன் "பிள்ளைக்குச் சளி, என்ன கொடுக்கலாம்" என்று இருக்கக் கூடாது. அவர்கள் முட்டிவலியைக் கேட்க ஒரு போன் பண்ணுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதிவிட்டு அடுத்த பஸ் பிடிக்காமல், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். தை மாசம் சித்தியின் பேத்திக்குக் காதுகுத்து. இப்போதெல்லாம் ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது என்பதால், திறக்கும் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். சில நாள் முன்னதாகவே போகிறேன். அங்கே சமையல்கட்டு என் பொறுப்பு என்று சித்தியிடம் சொல்லியாயிற்று.