பென்ஷனுக்குக் கட்டுவதா, படிப்புக்குச் சேர்ப்பதா?

கேள்வி: எனக்கு 52 வயது. லண்டனில் ஒரு கடையில் வாரம் 9 மணி நேரமும், வேறொரு கம்பெனியில் கிளீனிங் 7 மணி நேரமும் வேலை. இரண்டிலும் மணிக்கு 12.21 பவுண்ட். ஸ்டேட் பென்ஷன் (அரசு ஓய்வூதியம்) கணக்கில் 17 ஆண்டுகள்தான் நிறைந்திருக்கின்றன. 2019-20இல் 11 வாரம் குறைகிறது, அதன்பின் ஒரு ஆண்டும் சேரவில்லை. கையில் 4,000 பவுண்ட் இருக்கிறது. விட்டுப்போன ஆண்டுகளைக் கட்டவா, ஏஏடி கணக்கியல் படிக்கச் சேர்த்து வைக்கவா? கடைசி மகன் 2011 ஜூனில் பிறந்தவன். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகை) கணவர் பெயரில் வந்தது, அவர் முழுநேர வேலையில் இருக்கிறார்.
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கணக்கில் ஆண்டுகள் ஏன் சேரவில்லை என்பதை முதலில் பார்ப்போம்.

கடையில் வாரம் சுமார் 110 பவுண்ட், கிளீனிங்கில் 85. கூட்டினால் 195. ஆனால் பென்ஷன் ஆண்டுகளைத் தீர்மானிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டில் இரண்டு முதலாளிகள் தரும் சம்பளத்தைக் கூட்ட மாட்டார்கள். ஏதாவது ஒரு வேலையிலாவது வாரம் 125 பவுண்ட் (2025-26 கணக்குப்படி) வந்தால்தான் அந்த வாரம் சேரும். உங்களுக்கு இரண்டுமே அதற்குக் கீழே. இரண்டு சிறு வேலை பார்க்கும் நம் பெண்கள் பலர் இதைத் தெரியாமலே வருடங்களை இழக்கிறார்கள் என்பது வேதனையான விஷயம். கடையில் இன்னும் 2 மணி நேரம் கேளுங்கள். 11 மணி என்றால் 134 பவுண்ட். அதே 2025-26 கணக்குப்படி வாரம் 242 பவுண்ட் வரை உங்களிடம் நேஷனல் இன்சூரன்ஸ் பிடித்தமும் இல்லை. ஒரு பென்னி கட்டாமல் ஆண்டு சேரும்.

அடுத்தது, மகன். 12 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், சைல்ட் பெனிஃபிட் யார் பெயரில் வருகிறதோ அவர் கணக்கில் அரசாங்கம் இலவசமாக ஆண்டு சேர்க்கும். உங்கள் வீட்டில் அது கணவருக்குப் போயிருக்கிறது. முழுநேர வேலையில் இருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. அதை உங்கள் பெயருக்கு மாற்ற சிஎஃப்411ஏ என்ற படிவம் உண்டு. 2019-20 முதல் 2022-23 வரை நான்கு ஆண்டுகளையும் குறிப்பிட்டு, இவ்வளவு தாமதமானதற்குக் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். தாமதமான விண்ணப்பத்தை ஏற்பது அவர்கள் கையில்தான். ஏற்றால் 17 + 4 = 21. பென்ஷன் வயதான 67க்கு முன் இன்னும் 14 முழு வரியாண்டு வைத்தாலும் 35. முழுப் பென்ஷனுக்கு வழக்கமாகக் கேட்கும் எண்ணிக்கை அதுதான். நீங்கள் 2016 ஏப்ரலுக்கு முன்பும் வேலை செய்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அரசு இணையதளத்தில் உங்கள் பென்ஷன் மதிப்பீட்டுப் பக்கம் சொல்லும் தொகையையே நம்புங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மட்டுமே காசு கொடுத்து வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும். விட்டுப்போன ஆண்டுகளுக்கு நாமே விரும்பிக் கட்டும் கிளாஸ் 3 கட்டணம் 2025-26 கணக்குப்படி வாரம் 17.75 பவுண்ட், முழு ஆண்டுக்கு 923. அது பென்ஷனில் வாரம் 6.58, ஆண்டுக்கு சுமார் 342 பவுண்ட் கூட்டும். மூன்று ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும், அதன்பின் ஆயுள் முழுக்க லாபம். ஆனால் தேவைக்கு மேல் வாங்கிய ஆண்டு ஒரு பென்னி கூடத் தராது.

வாங்குவதானால் பாதி நிறைந்த ஆண்டை முதலில் எடுங்கள். 2019-20க்கு 11 வாரம் என்றால் 195.25 பவுண்ட் போதும். அதைக் கட்டக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. 2026 மார்ச் கடைசி வரை உங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால் அந்த ஒரு ஆண்டை மட்டும் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஆறு வருட அவகாசம் உண்டு என்பதால் 2023-24க்கு 2030 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. கட்டும்போது எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) தரும் 18 இலக்க எண்ணைச் சரியாகப் போடுங்கள். தவறினால் பணம் உங்கள் கணக்கில் ஏறாமல் நிற்கும்.

படிப்புக்கும் முழுப்பணம் போகாது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் 3ஆம் நிலைப் படிப்புகள் (ஏ/எல் தரத்துக்கு இணையானவை) பல இலவசம். ஊரில் ஏ/எல் முடித்திருந்தாலும் குறைந்த வருமானம் என்ற வழியில் கேட்கலாம். ஏஏடி பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இலவசத்தில் அடங்குமா, மறுதேர்வுக்கு யார் கட்டுவது என்று கல்லூரியில் எழுத்தில் வாங்குங்கள். வகுப்புக்காக நேரம் குறைப்பதானால் கிளீனிங்கில் குறையுங்கள். கடை வேலை 125க்குக் கீழே இறங்கக் கூடாது.

கேள்வி: சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். இந்த ஆண்டு செலவு போக 6,000 பவுண்ட்தான் மிஞ்சும். எனக்கும் 923 பவுண்டா?
– வாசகர், ஹாரோ

பதில்: இல்லை. 2025-26 கணக்குப்படி, சுயதொழிலில் லாபம் 6,845 பவுண்டுக்குக் கீழே இருந்தால், சுயதொழில் செய்பவர்களுக்கான கிளாஸ் 2 நேஷனல் இன்சூரன்ஸை விரும்பிக் கட்டலாம். வாரம் 3.50, ஆண்டுக்கு 182 பவுண்ட். பென்ஷனுக்கு அதே பலன். வரி விவரம் தாக்கல் செய்யும்போது கிளாஸ் 2 விரும்பிக் கட்டுவதற்கான பெட்டியில் டிக் போட்டு, ஜனவரி 31க்குள் வரியோடு சேர்த்துக் கட்டுங்கள். லாபம் 6,845ஐத் தொட்டால் எதுவும் கட்டாமலே ஆண்டு சேரும்.