இடதுகால் கிராஸ்

கேள்வி: 2014 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனிக்காக அந்த ஒற்றை கோலைப் போட்டவர் மரியோ கெட்ஸே என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பந்து கொடுத்தவர் யார்? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பெயர் நினைவுக்கு வரவில்லை.

பதில்: விங்கர்களின், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவர்களின், தலையெழுத்து அது. ஆந்த்ரே ஷுர்லே. 113-வது நிமிடம். இரண்டு மணி நேரமாக ஓடிக் களைத்த ஆட்டம், கோலே இல்லை. இடது ஓரத்தில் பந்தை வாங்கிய ஷுர்லே, அர்ஜென்டினாவின் இரண்டு ஆட்டக்காரர்களைத் தாண்டி கோட்டை ஒட்டியே ஓடி, இடதுகாலால் ஒரு கிராஸ் போட்டார், அதாவது ஓரத்திலிருந்து பந்தைக் கோலுக்கு முன்னால் அனுப்பினார். கெட்ஸே அதை நெஞ்சில் வாங்கி, தரையில் விழுமுன் உதைத்தார். ஜெர்மன் தொலைக்காட்சி வர்ணனையாளர் டாம் பார்டெல்ஸ் அப்போது கத்தியதை நம் மொழியில் சொன்னால், “போடு, போடு! போட்டுட்டான்!” அந்தக் கத்தலும் கெட்ஸேவுக்குத்தான்.

இதில் இன்னொரு சங்கதி. ஷுர்லே அன்று ஆடுவதாகவே இல்லை. ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியில் ஜெர்மனியின் நடுக்கள ஆட்டக்காரர் கெதீராவுக்குக் காயம். அவருக்குப் பதில் கிறிஸ்டோப் கிராமரை இறக்கினார்கள். கிராமருக்குத் தலையில் பலமான அடி. “இதுதான் ஃபைனலா?” என்று நடுவரிடமே கேட்டாராம், பாவம். அரை மணி நேரம் தாண்டியதும் அவரை வெளியே எடுத்து ஷுர்லேவை அனுப்பினார்கள்.

கேள்வி: ஷுர்லே மாதிரி வலதுகால்காரரை இடது பக்கம் ஆட விடுவது ஏன்? தவறான இடம் இல்லையா?

பதில்: நான் கல்லூரி அணியில் ஆடியபோது இதே கேள்வியைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். “இடதுகால்காரன் எவனும் இல்லை, நீ போ” என்றார். நான் வலதுகால்காரன். ஓரத்தில் ஓடுவேன், கிராஸ் போட வேண்டிய இடத்தில் நின்று பந்தை வலதுகாலுக்கு மாற்றுவேன், அதற்குள் ஒருவன் வந்து பிடுங்கிவிடுவான். ஒருமுறை துணிந்து இடதுகாலால் உதைத்தேன். பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

பெரிய அணிகளில் காரணமே வேறு. இடது ஓரத்தில் நிற்கும் வலதுகால்காரர் உள்ளே திரும்பினால் கோல் அவர் வலதுகாலுக்கு நேராக வந்துவிடும். ஷுர்லேவின் பிழைப்பே அதுதான்: இடது ஓரத்தில் வேகம் எடுப்பார், சடாரென்று உள்ளே வெட்டுவார், அடிப்பார். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இது மனப்பாடம். அதனால்தான் அந்த ஃபைனல் ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறேன். வழக்கம்போல உள்ளே வெட்டாமல் நேரே போனார். வாழ்நாளில் அவர் செய்த பெரிய காரியம், பழக்கமில்லாத காலால் செய்தது.

கேள்வி: அவர் எப்போதும் மாற்று ஆட்டக்காரர் மட்டும்தானா?

பதில்: இல்லை. லுட்விக்ஸ்ஹாஃபனில் 1990 நவம்பரில் பிறந்தவர். கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த ஜெர்மனி ஒன்றானது அதற்கு முந்தைய மாதம். 2010-ல் ஸ்வீடனுக்கு எதிராக ஷுர்லேவும் கெட்ஸேவும் ஒரே நாளில் தேசிய அணிக்கு அறிமுகமானார்கள். ஒன்றுபட்ட ஜெர்மனியில் பிறந்து அந்தச் சட்டையைப் போட்ட முதல் ஆட்டக்காரர்கள் இவர்கள்தான்.

அப்போது ஷுர்லே ஜெர்மனியின் மைன்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த 2010-11 சீசனில் சின்ன அணியான மைன்ஸ், தாமஸ் டூஹெல் பயிற்சியில் முதல் ஏழு ஆட்டங்களையும் ஜெயித்தது. கோல் போட்டதும் ஷுர்லே, ஹோல்ட்பி, சலாய் மூவரும் கார்னர் கொடிப் பக்கம் ஓடிப்போய் இல்லாத கிட்டாரை வாசிப்பார்கள். அந்த மைதானத்தின் பெயரை வைத்து ‘புரூக்வெக் பாய்ஸ்’ என்று பெயர் வந்தது. லீக்கில் அந்த சீசனில் அவருக்கு 15 கோல். அப்புறம் லெவர்குசன் அணி, 2013-ல் இங்கிலாந்தின் செல்சி அணி.

ஆனால் நீங்கள் கேட்டதிலும் உண்மை உண்டு. 2014 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தில்கூட அவர் முதல் பதினொருவரில் இல்லை. ஆனாலும் மூன்று கோல். அல்ஜீரியாவுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் கெட்ஸேவுக்குப் பதிலாக வந்தார். எக்ஸ்ட்ரா டைம் தொடங்கியதும் குதிகாலால் தட்டி கோல் போட்டார். அதே ஆண்டு ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சியின் ஹசார்ட் காயமடைந்து வெளியேற, உள்ளே வந்து பாரிஸ் அணிக்கு எதிராக கோல் போட்டதும் இவர்தான். பெஞ்சில் உட்கார்ந்து குளிர்ந்துபோன காலோடு இறங்கி உடனே வேகம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

கேள்வி: 29 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டாரே? கோடிக்கணக்கான சம்பளத்தை விட்டுவிட்டா?

பதில்: 2015-ல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணி அவரை வாங்க 3.2 கோடி யூரோ கொடுத்ததாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு டார்ட்முண்ட் சுமார் 3 கோடி. இரண்டு அணிகளோடும் ஜெர்மன் கோப்பையை வென்றார். ஆனால் விலை ஏற ஏற ஆட்டம் ஏறவில்லை. ஃபுல்ஹாமுக்கு இரவல், மாஸ்கோவின் ஸ்பார்டக்குக்கு இரவல். 2020 ஜூலையில் டார்ட்முண்டோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, இரண்டே நாளில் ஓய்வை அறிவித்தார்.

ஜெர்மன் வார இதழான டெர் ஸ்பீகலிடம் அவர் சொன்னது: சரிவுகள் ஆழமாகிக்கொண்டே போயின, நல்ல தருணங்கள் குறைந்துகொண்டே வந்தன, இனி கைதட்டல் தேவையில்லை. இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்க ஒரு வேஷம் போட்டபடியே இருக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். இதைச் சிலர் பலவீனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 57 சர்வதேச ஆட்டம், 22 கோல், ஒரு உலகக் கோப்பை. இன்னும் ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து எதை நிரூபிப்பது?

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: மலையேறுகிறார். உறைபனிக் காற்றில் மேல்சட்டை இல்லாமல் போலந்து-செக் எல்லையில் உள்ள ஸ்னியெஷ்கா மலைமீது ஏறிப் படம் போட்டார். பார்த்த எனக்குத்தான் குளிரெடுத்தது.

கேள்வி: அவர் கோல்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: அதே 2014 உலகக் கோப்பை அரையிறுதியில், பெலோ ஹொரிசாண்டே நகரில், பிரேசிலுக்கு எதிராக அவர் போட்ட ஜெர்மனியின் ஏழாவது கோல். இடது பக்கம், குறுகலான கோணம். மேல்கம்பத்தின் அடியில் இடித்து உள்ளே விழுந்தது. அதுவும் இடதுகால்தான்.