தலைமையாசிரியர் ஆக வேண்டும் என்கிற பெண்ணின் அம்மாவுக்கு

பினாங்கு கெலுகோரிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, "இவ்வளவு நல்ல எஸ்.பி.எம். தேர்வு முடிவை வைத்துக்கொண்டு டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள் சார், அதிலும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஆவாளாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். அன்று பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன், அம்மா.

முதலில் வழி. தலைமையாசிரியர் பதவிக்கு யாரும் நேராக விண்ணப்பிக்க முடியாது. ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்ந்தால் ஓராண்டு ஆயத்த வகுப்பு, பிறகு நான்காண்டுப் பட்டப்படிப்பு. படிக்கும்போதே மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அதன்பின் வகுப்பாசிரியர், பாடக்குழுத் தலைவர், துணைத் தலைமையாசிரியர் என்று படிப்படியாக வர வேண்டும். துணைத் தலைமையாசிரியரிலும் நிர்வாகம், மாணவர் நலம், புறப்பாடம் என்று மூன்று வகை. பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சியை அமினுடின் பாக்கி கழகம் நடத்துகிறது. அதையும் முடிக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு நாற்பது வயதாவது ஆகிவிடும். அதனால் நான் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தலைமையாசிரியர் ஆகவே முடியாமல் போனாலும் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாயா?" ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் "சொல்லிக்கொடுப்பேன்" என்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

கடல் கடந்து சபா, சரவாக்கிற்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டீர்கள். தமிழ்ப்பள்ளிகள் தீபகற்ப மலேசியாவில் மட்டுமே இருக்கின்றன. ஆனால் பகாங்கிலோ ஜொகூரிலோ ஒரு தோட்டப் பள்ளி கிடைக்கலாம். அதற்கு நீங்கள்தான் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அவள் தயாராகத்தான் இருக்கிறாள்.

இனி, வெளியே தெரியாத வேலையைச் சொல்கிறேன். நூற்றைம்பது பேருக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். அங்கே தலைமையாசிரியர் பாடமும் நடத்துவார். ஒன்றாம் ஆண்டுப் பதிவுக்காக அடுக்குமாடி வீடுகளில் படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். பஸ் கட்டணம் கட்ட முடியாத தகப்பனிடம், அவர் கௌரவம் கெடாமல் பேச வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோஷ்டி முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் உட்கார வேண்டும். நன்கொடை வந்தால் அன்றே ரசீது எழுத வேண்டும். பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்த ஒருவர், கணக்கைச் சரியாக எழுதி வைக்காததால் பெயர் கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காசும் எடுக்காத மனிதர் அவர்.

இன்னொன்று, பலர் எதிர்பார்க்காதது: தமிழ்ப்பள்ளியாக இருந்தாலும் கல்வி இலாகாவுக்குப் போகும் கடிதம், அறிக்கை எல்லாம் மலாய்மொழியில்தான். தமிழ் மட்டும் நன்றாக வந்தால் நல்ல தமிழாசிரியர் ஆகலாம். நிர்வாகத்திற்கு அது போதாது. உங்கள் மகளின் தமிழ் அருமையாக இருக்கிறது. அவள் எழுதிய மலாய்க் கடிதத்தில் நான் ஆறு இடத்தில் சிவப்பு மை போட்டேன்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாளே, அதை "நேரம் வீண்" என்றீர்கள். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு அவள் நின்றுவிடக் கூடாது. வருகைப் பதிவேட்டை அவள் பார்க்கட்டும். செலவுக் கணக்கையும் அவளே எழுதட்டும். இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் பெரியவர் ஒருவரோடு போய் விசாரிக்கட்டும். ஆசிரியர் கல்விக் கழகத்தின் நேர்முகத் தேர்வில், "1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். பெருமையான செய்திதான், நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வராத பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அழைத்துவந்த கதையைச் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆசிரியர் கல்விக் கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்து, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கலாம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே படித்து முடித்தாலும் வேலை தானாக வந்துவிடாது. கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு இருக்கிறது. இரண்டு வழிக்கும் இப்போதே ஆயத்தமாக இருங்கள்.

கணக்காளர் படிப்பில் சேர்க்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்வதாகச் சொன்னீர்கள். அவரையும் ஒரு சனிக்கிழமை அந்த மண்டபத்துக்கு அனுப்புங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். மகளிடம், திருத்திய மலாய்க் கடிதத்தைச் சுத்தமாக எழுதி அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லுங்கள்.